மல்சுன் அக்கா படித்த வளையம்

பியோ மல்சுன் என்று பெயரைச் சொன்னாலே, தென்கொரியாவின் வட எல்லையில் இருக்கிற எங்கள் சொர்வொன் பக்கத்தில் யாருக்கும் புரிந்துவிடும்: அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் பெண்பிள்ளைகள் வரிசையாகப் பிறந்திருக்கிறார்கள். 'பெண் இத்தோடு போதும்' என்று கடைசிப் பெண்ணுக்கு வைக்கிற பெயர் அது. நான்கு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவள். நான் சொல்லப்போகிற குளிர்காலத்தில் அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊருக்கெல்லாம் கேஸ் சிலிண்டர் போடுகிற வேலை. கணவர் கடையில் உட்கார்ந்து போனை எடுப்பார். அக்கா சின்ன நீல லாரியை ஓட்டுவாள். இருபது கிலோ சிலிண்டரை விளிம்பில் சாய்த்து ஒரு கையால் உருட்டிக்கொண்டு வந்து, மறு கையால் கதவைத் தட்டுவாள். கதவு திறப்பதற்குள் பேச்சை ஆரம்பித்திருப்பாள்.

எங்கள் ஊருக்கு வடக்கே ராணுவச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டி வடகொரிய எல்லைப் பக்கம் போக, உள்ளே வயல் உள்ளவர்களுக்கும் வேலை உள்ளவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி அட்டை. அக்காவிடம் அட்டை இருந்தது. என் மனைவி வீட்டு வயல் உள்ளே இருந்ததால் என்னிடமும் இருந்தது. அறுவடை முடிந்த அந்த வயல்களில்தான் பெருங்கொக்குகள் குளிர்காலம் முழுக்க மேயும். ஒரு ஆளின் மார்பு உயரம். வெள்ளை உடம்பு, கறுத்த கழுத்து, உச்சந்தலையில் சிவப்பு. காலையில் ஆற்றிலிருந்து கிளம்பி அவை கூவிக்கொண்டு தலைக்கு மேல் போகும்போது, பிறந்ததிலிருந்து பார்த்தவனுக்கும் முதுகு சிலிர்க்கும்.

நான் டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஞாயிறானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். சாவடிக்கு இந்தப் பக்கம், கரைமேல், ஒரு பழைய கப்பல் சரக்குப் பெட்டியை நிறுத்தி அதில் நீளமாகத் துளை வெட்டி வைத்திருந்தோம். பறவைகளின் கண்ணில் படாமல் அதற்குள்ளிருந்து படமெடுப்போம். பறவைப் படம் எடுக்கிற எங்கள் கூட்டத்தின் தலைவர் நாம்குங் ஐயா. சியோலில் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், கொக்குகளுக்காகவே எங்கள் ஊருக்குக் குடிவந்தவர். அவருடைய லென்ஸுக்கு மட்டும் தனிப் போர்வை, தனித் தலையணை. பெட்டிக்குள் யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்த்து முறைப்பார்.

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டிக் கதவு தடாலென்று திறந்தது. மல்சுன் அக்கா கையில் செல்போனோடு நின்றாள்.

"ஏம்ப்பா, கொக்குக் காலுல யாராவது வளையல் போட்டு விடுவாங்களா?"

ஆற்றில் நின்ற காட்டு வாத்துகள் நூறும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன. நாம்குங் ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் உள்ளே ஒரு பண்ணை வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டுபோனபோது, ராணுவ வண்டிகள் வரிசையாகக் கடந்து போவதற்காக அக்கா லாரியை ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். இரண்டு பெரிய கொக்கும் தவிட்டு நிறத் தலையோடு ஒரு குஞ்சும் வரப்பில் நடந்து, லாரிக்குப் பத்தடி பக்கத்தில் போயிருக்கின்றன. ஒன்றின் இடது காலில் பச்சையாக ஏதோ சுற்றியிருக்கிறது. உடனே செல்போனில் எடுத்திருக்கிறாள்.

நாம்குங் ஐயா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இதுல எது கொக்கு? எது உங்க லாரிக் கண்ணாடி?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் போனைத் திரும்ப வாங்கும்போது சொன்னாள்: "சிரிங்க, சிரிங்க. நீங்க இத்தனை பேரும் குழாய் மாதிரி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அது எங்கிட்டதான் கால நீட்டிக் காமிச்சிட்டுப் போயிருக்கு."

அது எனக்கு உறைத்தது. வளையம் போட்ட பறவை என்றால், எங்கோ யாரோ அதைக் குஞ்சாகக் கையில் பிடித்திருக்கிறார்கள். வளையத்தில் எண் இருக்கும். எண்ணைப் படித்தால், அது எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்பது தெரிந்துவிடும். மறுநாளே என் பழைய கேமராவையும் ஒரு நீள லென்ஸையும் அக்காவிடம் கொடுத்து, கடையில் வைத்தே சொல்லிக்கொடுத்தேன்.

முதல் வாரம் அவள் எடுத்து வந்தது முந்நூற்றுப் பத்துப் படம். அத்தனையிலும் முள்வேலி மட்டும் தெளிவாக இருந்தது. இரண்டாவது வாரம் கொக்கின் பின்பக்கம் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் மதியம், கையுறையைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் ஓடி வந்தாள். கண் பரிசோதனைக்கு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, "தாத்தா, இது தெரியுதா பாருங்க!" என்றாள்.

கொக்கு ஒன்று இறக்கையை முழுக்க விரித்து, கால் தரையை விட்டு எழும்பின கணம். பின்னால் சூரியன். ஒவ்வொரு இறகின் ஓரமும் தீப்பிடித்த மாதிரி. வாயிலிருந்து வெண்மையாக மூச்சு.

"தெரியுதும்மா," என்றார் கிழவர். "கண்ணாடியே வேணாம் போல இருக்கே."

அன்றிலிருந்து அக்காவுக்குக் காய்ச்சல் பிடித்த மாதிரிதான். விடிவதற்கு முன்னால் எழுந்து பறவைகள் கிளம்பும் திசையைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து வீடுகளுக்கு முதலில் சிலிண்டர் போட ஆரம்பித்தாள். கணவர் என்னிடம் புலம்பினார்: "வடக்குல இருக்கிறவனுக்கு ரெண்டு சிலிண்டர் இருக்கையிலயே மூணாவது போயிடுது. தெக்கால இருக்கிறவன் சோறு வேகலைன்னு போன்ல கத்துறான். கொக்கு தெக்கால போனாத்தான் அவனுக்கு விமோசனம்."

பச்சை வளையக் கொக்கை எங்கள் கூட்டமே தேட ஆரம்பித்தது. கரையிலிருந்து நாம்குங் ஐயாவின் பெரிய லென்ஸில் இரண்டு முறை கிடைத்தது. ஆனால் தூரம் அதிகம். வளையம் வெறும் புள்ளி. உள்ளே எங்கள் வயல் வரப்பில் மறைவுக்கு வலையைப் போர்த்திக்கொண்டு மூன்று நாள் படுத்துப் பார்த்தேன். மனித வாடை பட்டதுமே குடும்பம் முந்நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும். அக்காவின் லாரியை மட்டும் அவை கண்டுகொள்ளவே இல்லை. வருஷக் கணக்காகச் சிலிண்டர்கள் கடகடவென்று இடித்துக்கொள்ளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அதையும் வயலில் மேயும் ஒரு பிராணி என்று நினைத்துவிட்டன போலும்.

இது தெரிந்ததும் நாம்குங் ஐயா கௌரவத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அக்காவிடம் போனார்.

"அம்மா, ஒரே ஒரு நாள் என்னையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போங்களேன்."

"அட்டை இருக்கா?"

"இல்ல. உங்க கடை ஆளுன்னு சொல்லிக்கலாமே."

கேஸ் கடையின் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாவடியில் நின்ற சிப்பாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, அந்தச் சிலிண்டர கொஞ்சம் இறக்கிக் காமிங்க," என்றான். முதல்வர் ஐயா சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து, அவனே சிரித்து, சல்யூட் அடித்துத் திருப்பி அனுப்பினான். அந்தக் கதையை இன்றைக்கும் ஐயாவே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஜனவரி நடுவில் அக்காவுக்கு வளையம் கிட்டத்தில் கிடைத்துவிட்டது. மதிய வெயில், தெளிவான படம். நாங்கள் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கிட்டத்தில் பார்த்தால் பச்சை வெளுத்துச் சாம்பலாகி, பொறித்த எண்ணில் இருந்த சாயம் சுத்தமாகப் போயிருந்தது. வழுவழுவென்று வெற்று வளையம். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நாம்குங் ஐயா, "அவ்வளவுதான். காலம் தின்னுடுச்சு," என்றார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயம் போனா என்ன? பள்ளம் போகாதே," என்றாள். "என் சிலிண்டர் கழுத்துலயும் நம்பர் அடிச்சிருப்பாங்க. பழைய சிலிண்டர்ல ஒரு எழுத்தும் தெரியாது. நான் எப்படிப் படிக்கிறேன்? வெயிலுக்குப் பக்கவாட்டுல திருப்புவேன். பள்ளத்துல நிழல் விழும். நம்பர் எந்திரிச்சு நிக்கும். நாம நட்ட நடு மதியத்துல எடுத்திருக்கோம், அதான். சூரியன் தரையோட தரையா இருக்கிற நேரம் வேணும். வெயில் பக்கத்துலேருந்து விழணும்."

முப்பது வருஷம் கண்ணாடி விற்றவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

சொல்வது சுலபம். சூரியன் மலைக்கு மேலே வந்து இருபது நிமிஷம்தான் அந்த வெளிச்சம். அந்த இருபது நிமிஷத்தில் அந்தக் குடும்பம் சாலையோரம் நிற்க வேண்டும், இடது கால் நம் பக்கம் இருக்க வேண்டும், மேகம் இருக்கக் கூடாது. பதினேழு காலை போனோம். பனிமூட்டம் ஐந்து நாள். பறவைகள் வேறு வயலில் ஏழு நாள். இடது கால் மறுபக்கம் நான்கு நாள். ஒரு நாள் எல்லாம் கூடி வந்து, அக்கா கேமராவில் மெமரி கார்டு போட மறந்திருந்தாள். அன்றைக்கு அவள் திட்டிக்கொண்ட வார்த்தைகளை எழுத முடியாது.

பிப்ரவரி மூன்றாம் தேதி. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. நானும் அக்காவும் லாரியில். வளைவு திரும்பியதும் அக்கா என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். சாலையிலிருந்து முப்பது அடி தள்ளி, உறைந்த வயலில், மூன்றும் நின்றன. கிழக்கே மலைவிளிம்பில் ஒளி கசிந்துகொண்டிருந்தது.

அக்கா மெதுவாக லாரியை ஓரங்கட்டினாள். இஞ்சினை அணைத்தால் பறவைகள் தலையைத் தூக்கும். அணைக்காவிட்டால் கேமரா ஆடும். ஜன்னலில் பஞ்சு வைத்த குளிர்ச்சட்டையை மடித்துப் போட்டு, லென்ஸை அதில் அழுத்தி, இஞ்சினை அணைத்தாள். மூன்று தலைகளும் நிமிர்ந்தன. நாங்கள் மூச்சுவிடவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தலைகள் தாழ்ந்தன.

சூரியன் வந்தது. பனிமேல் செம்பழுப்பாக வெளிச்சம் உருண்டு வந்து அந்தப் பறவையின் காலைத் தொட்டது. ஒரு காலைத்தான். இன்னொரு காலை அது வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு நின்றது. வளையம் இருந்த கால்!

"கால இறக்கு," என்று அக்கா முணுமுணுத்தாள். "இறக்குடி என் ராசாத்தி. இறக்கு."

அது இறக்கவில்லை. பத்து நிமிஷம் போயிற்று. என் மூக்கு முடியெல்லாம் உறைந்துவிட்டது. அப்போது அக்காவின் சட்டைப்பையில் செல்போன் அலறியது. அலறலோடு ஆட்டம் வேறு. அவள் ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

கணவரின் குரல் எனக்கே கேட்டது: "எங்கே இருக்கே? பள்ளிக்கூடத்துச் சமையலறையில கேஸ் தீர்ந்து…"

"வெச்சுத் தொலை மனுஷா!"

கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள், ஆனால் அதற்குள் கொக்கு கழுத்தை நீட்டி எங்களை நேராகப் பார்த்தது. பறக்கப்போகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அது இறகுக்குள்ளிருந்து காலை உருவியது. நிதானமாக, மூன்று விரலையும் விரித்து, பனிக்கட்டிமேல் வைத்தது. ஓர் அடி. இன்னோர் அடி. கேமரா படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மூன்றும் ஓடி, இறக்கையை அடித்து, கூவிக்கொண்டு லாரிக்கு மேலேயே எழும்பிப் போயின. கூரையில் நிழல் விழுந்து நகர்ந்தது.

அக்கா கேமராவின் சின்னத் திரையைப் பெரிதாக்கினாள். கையுறை விரலால் அவள் அழுத்திய அழுத்தலில் படம் எங்கெங்கோ ஓடியது. நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். சாம்பல் வளையம். அதில் நிழலால் வரைந்த மாதிரி மூன்று எண்கள்.

"ரெண்டு," என்றாள். "ஆறு."

"மூணு," என்றேன் நான். "இருநூத்து அறுபத்து மூணு."

"எட்டுப்பா! இடது பக்கம் பாரு, மூடியிருக்கு. தெனம் நூறு நம்பர் பாக்கிறவ சொல்றேன், எட்டு!"

லாரியிலிருந்து குதித்து, நடுச்சாலையில், ஐம்பத்தெட்டு வயசுப் பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுற்றினாள். நானும் சேர்ந்து சுற்றினேன். எதிரே வந்த டிராக்டர்காரர் இறங்கி, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

நாம்குங் ஐயாதான் உட்கார்ந்து, மூன்றா எட்டா என்று இரண்டையும் சொல்லி, கொக்குகளுக்கு வளையம் போடுகிற ஆய்வாளர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் படங்களோடு அனுப்பினார். பன்னிரண்டு நாளில் பதில் வந்தது, ரஷ்யாவில் அமூர் ஆற்றுச் சதுப்பிலிருந்து. ஐயா அதைச் சரக்குப் பெட்டிக்குள் நின்று உரக்கப் படித்துச் சொன்னார். எழுதியவள் பெயர் தமாரா, அங்கே கொக்குகளை ஆராய்கிறவள்.

"இருநூற்று அறுபத்து மூன்று அதன் முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டது. ஆகவே இது இருநூற்று அறுபத்தெட்டு. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன், ஜூலை மாதம், முழங்கால் ஆழச் சேற்றில் உட்கார்ந்து நான் என் கையால் போட்ட முதல் வளையம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பழக்கம் போதாமல் வளையத்தின் மூட்டு கோணலாக ஒட்டிவிட்டது. உங்கள் படத்தில் அந்தக் கோணல் தெரிகிறது. கடைசியாக அதைப் பார்த்துப் பதினான்கு வருஷம். அந்த வருஷம் சதுப்பு முழுக்கத் தீப்பிடித்தது. இறந்தது என்று பதிவேட்டில் நானே எழுதினேன். இன்று காலை பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு வந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, "நான்தான் எட்டுன்னு சொன்னேன்ல?" என்றாள்.

அடுத்த நவம்பரில் தமாராவே வந்தாள். எட்டு நாள் விடுப்பு. ஆறடி உயரம், செம்பட்டை முடி, கைகுலுக்கினால் விரல் நோகும். ராணுவத்திடம் பேசி உள்ளே போக நாம்குங் ஐயா அவளுக்குத் தனி அனுமதி வாங்கியிருந்தார். அவருக்கு மட்டும் அப்போதும் கிடைக்கவில்லை.

தமாராவுக்குக் கொரிய மொழி தெரியாது. அக்காவுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் பேச்சு நின்றதா என்றால் இல்லை. லாரிக்குள் இருவரும் காலையிலிருந்து மாலைவரை அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்த எனக்குத்தான் காது வலித்தது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து அக்கா ஊட்டாத குறையாகக் கொடுப்பாள். தமாரா கொக்கு மாதிரியே கூவிக் காட்டுவாள். உண்மையிலேயே வயலில் இரண்டு கொக்கு திரும்பிப் பார்க்கும்.

ஆனால் பச்சை வளையம் வரவில்லை. மற்றவை நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியிருந்தன. முதல் நாள் இல்லை, மூன்றாம் நாள் இல்லை, ஐந்தாம் நாள் மழை. தமாரா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்று மாலை அவள் தொலைநோக்கியைத் துடைத்து வைத்த விதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வயசான பறவை. வழியில ஏதாவது…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாள்.

ஆறாம் நாள் காலை பத்தரை மணி. உள்ளே கடைசிப் பண்ணைக்குச் சிலிண்டர் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். தமாரா திடீரென்று கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இஞ்சினை அணைத்ததும் எங்களுக்கும் கேட்டது. வடக்கே, மிக உயரத்திலிருந்து, கூவல். எல்லை வேலிக்கு அந்தப் பக்கத்து மலையைத் தாண்டி, நீல வானத்தில் நான்கு புள்ளிகள் வட்டமிட்டு இறங்கின. பெரிது இரண்டு. சிறியது இரண்டு.

"குஞ்சு ரெண்டு!" என்று நான் கத்தினேன். இந்த வயதில் ஒன்று கூட்டி வந்தாலே அதிசயம்.

அவை காலைத் தொங்கவிட்டு எங்கள் முன்னால் வயலில் இறங்கின. அக்கா கேமராவைத் தமாராவின் கையில் திணித்தாள். தமாரா கண்ணில் வைத்தாள். இறக்கினாள். மறுபடி வைத்தாள். ஒரு படமும் எடுக்கவில்லை. "இருநூற்று அறுபத்தெட்டு," என்று முதலில் ரஷ்ய மொழியில் சொன்னாள். பிறகு எப்போது கற்றுக்கொண்டாளோ, எங்கள் மொழியில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். "ரெண்டு. ஆறு. எட்டு." கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் முழுக்கச் சிரிப்பு. அக்கா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் புள்ள உன்னைப் பாக்க ஊர் விட்டு ஊர் வந்திருக்குது பாரு! ரெண்டு பேரப்புள்ளையோட!"

நான் சாவடிக்குப் போன் போட்டேன். நாம்குங் ஐயா அங்கேதான் தினமும் காத்திருந்தார். "வந்துடுச்சு ஐயா!" என்றேன். பதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆரவாரம் கேட்டது. ஐயா சிப்பாயைக் கட்டிப்பிடித்துக் குதித்தாராம். துப்பாக்கியோடு சேர்த்து.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் சிலிண்டர் ஞாபகம் வந்தது. பண்ணை வீட்டுக்காரி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மல்சுன்! அரிசி ஊறப்போட்டு அழுகிப்போச்சு! என்னதான் பண்ணிட்டு வர்றே?"

தமாரா லாரியிலிருந்து குதித்து, சிலிண்டரைத் தோளில் தூக்கி, ஒரே மூச்சில் சமையலறை வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அந்த அம்மாள் வாயைப் பிளந்தாள்.

"இது யாரு?"

"கொக்கோட அம்மா," என்றாள் அக்கா. "அடுப்பு கெடக்கட்டும். நீ செருப்ப மாட்டிக்கிட்டு வா, காட்டறேன்."

அவள் திட்டிக்கொண்டேதான் செருப்பை மாட்டினாள். வரப்பில் எங்களுக்கு முன்னால் ஓடினவளும் அவள்தான்.